கொறைஞ்சிருக்குதுங்க

மூட்டுவலிக்குப் புதிதாக ஒரு மாத்திரை தயாரித்த கம்பெனியில் வேலை பார்த்தேன். அது உடம்பில் எங்கே போய் எதைப் பிடித்து வலியை அடக்குகிறது என்று எங்கள் ஆட்கள் கலர் கலராகப் படம் போட்டு விளக்குவார்கள். எலியிடம் வேலை செய்தது, நாயிடமும் செய்தது. மனிதரிடம் சோதிக்கக் கொல்லிமலையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. இதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது; அதை மூடிய உறைகளில் வைத்திருந்தார்கள். மூன்று மாதம் வேறு வலி மாத்திரை தொடக்கூடாது. வலி ஏறினால் நான் உடனே மாற்று மருந்து தர வேண்டும்.

மலைமேல் திருப்புலி நாடு என்ற பகுதியில் ஒரு அக்கா இருந்தார். ஏணி வைத்து மிளகு பறித்துப் பிழைப்பவர், வலது முழங்கால் வீங்கியிருந்தது. ஏணி ஏற முடியாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பெரியாது.

வாராவாரம் போவேன். மலையேறி வந்த ஆளை வெறும் வயிற்றோடு அனுப்ப அங்கே யாருக்கும் மனசு வராது. சாமைச் சோறோ குச்சிக்கிழங்கோ, வெட்கமில்லாமல் உட்கார்ந்து தின்றுவிட்டு, கை கழுவிய பிறகுதான் "வலி எப்படிங்கக்கா இருக்குது?" என்று கேட்பேன். நம்பிக்கையை வளர்க்கிறேனாம். அதில் பெருமை வேறு.

"கொறைஞ்சிருக்குதுங்க சாமி. நல்ல மாத்திரைங்க."

எழுதிக்கொள்வேன். எல்லா வீட்டிலும் இதே பதில்தான். மேலாளர் போனில் கொஞ்சினார்.

கடைசி மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு வண்டி வரை போனவன் பேனாவை மறந்தது தெரிந்து திரும்பினேன். வாசலில் நின்று சிரித்தபடி வழியனுப்பிய அக்கா, என் எச்சில் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தவாக்கில் தரையில் தேய்த்துத் தேய்த்து அடுப்படிக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"அட, ஒன்னுமில்லீங்க. ரெண்டு மாசமாவே இப்பிடித்தானுங்க."

"பின்ன ஏன் கொறைஞ்சிருக்குதுன்னு சொன்னீங்க?"

"இத்தனை வளைவு ஏறி வந்து குடுக்கறீங்க. நம்ம ஊட்டுல கை நனைச்சவங்ககிட்ட, உங்க மருந்து நல்லா இல்லீன்னு எப்பிடிங்க சொல்றது?"

அன்றே மாற்று மருந்து கொடுத்தேன். அதற்குள் கால் மடங்காமல் போயிருந்தது. அந்தப் பருவம் முழுக்க ஏணி சுவரோரமே கிடந்தது.

மற்ற வீடுகளிலும் திரும்பக் கேட்க வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னேன். "எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்" என்றார். முடிவு வந்தபோது மாவு தின்றவர்களும் மருந்து தின்றவர்களும் காகிதத்தில் ஒரே அளவு குணமாகியிருந்தார்கள். வித்தியாசமே இல்லாத மருந்தை யார் வாங்குவார்கள்? சோதனையையே மூடிவிட்டார்கள். கூட்டத்தில் அதே கலர் படத்தைப் போட்டு, "மருந்துல குறையில்ல. மலை ஜனங்களுக்கு வலியைச் சொல்லத் தெரியல" என்றார்கள். அந்த மலை ஜனங்களின் சோற்றைத் தின்ற நானும் தலையாட்டினேன்.

பிறகு உறைகளைப் பிரித்து யாருக்கு எது போனது என்று எங்களுக்கும் சொன்னார்கள். அக்காவுக்குப் போனது மாவு.

அதைச் சொல்லத்தான் மறுபடி மலையேறினேன். சுவரைப் பிடித்து எழுந்து நின்று, முழுக்கக் கேட்டார். முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப உங்க மருந்து மேல தப்பில்லீங்களே சாமி" என்றார். "வாங்க, மொதல்ல சாப்பிடுங்க."