ஐந்து ஸ்டாப் பலகைகளும் நூற்றிருபது இட்லிகளும்

இட்லி வியாபாரத்தில் அவிப்பது பாதி வேலைதான். அவித்ததைச் சிந்தாமல் ரோட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதிப் பாதி. ஹேண்டில்பாரில் சாம்பார்த் தூக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மேற்கொண்டு சொல்லாமலே அவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அறுபதுகளில் தாராவியிலிருந்து செம்பூருக்குத் தினமும் நூற்றிருபது இட்லி கொண்டுபோனேன். அங்கே ஒரு தொழிற்சாலை வாசலில், எட்டு மணிச் சங்கு ஊதுவதற்கு முன்னால் கடை விரிக்க வேண்டும். சங்கு ஊதிவிட்டால் ஆட்கள் உள்ளே போய்விடுவார்கள். நூற்றிருபதும் என்னோடு வீடு திரும்பும். வழியில் ஐந்து ஸ்டாப் பலகைகள். நான் ஐந்திலும் நிற்பேன். அதே வாசலில் விற்ற என் ஊர்க்காரன் சுடலைமுத்து ஒன்றில்கூட நிற்கமாட்டான். யார் முதலில் போய்ச் சேர்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று எண்ணுவது

பிறக்கும்போதே ஒழுங்கானவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். தொழிலுக்கு வந்த முதல் வாரம் நானும் நிற்காமல்தான் போனேன். சயான் பக்கம் ஒரு திருப்பத்தில் டாக்சி ஒன்று குறுக்கே வந்து பிரேக் போட்டது. நானும் போட்டேன். சைக்கிள் நின்றது; சாம்பார் நிற்கவில்லை. தூக்கு தலைகுப்புறக் கவிழ்ந்து, டாக்சியின் முன்பக்கம் முழுவதும் பருப்பும் முருங்கைக்காயுமாக வழிந்தது.

டிரைவர் ஒரு சர்தார்ஜி. அடிக்கத்தான் இறங்குகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு முருங்கைத் துண்டை எடுத்துக் கீழே போட்டார். பிறகு நிதானமாகக் கேட்டார்: “சாம்பார் தோ ஆ கயா. இட்லி கிதர் ஹை?” சாம்பார் வந்துவிட்டது, இட்லி எங்கே என்கிறார்.

அன்றிலிருந்து பலகை வந்தால் காலை ஊன்றி நின்று, மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டுத்தான் மிதிப்பேன்.

கை காட்டுவது

திரும்புவதற்கு முன் கையை நீட்ட வேண்டும் என்று மராட்டிக்காரப் போலீஸ்காரர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதில் இரண்டு சிக்கல். தூக்கு வலது பக்கம் தொங்கியது; வலது கையை எடுத்தால், நான் திருப்புவதற்கு முன்பே தூக்கு சைக்கிளைத் திருப்பிவிடும். தூக்கை இடது பக்கம் மாற்றினேன். அதன் பிறகு இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன்.

இரண்டாவது சிக்கல் என் கூச்சம். பின்னால் பெரிய மனிதர்கள் காரில் வரும்போது, அவர்கள் முகத்துக்கு நேரே கையை விறைப்பாக நீட்டுவது மரியாதையாகப் படவில்லை. பாதி நீட்டி, தலையையும் லேசாகக் குனிந்துகொள்வேன். சில கார்க்காரர்கள் பதிலுக்குத் தலையாட்டிவிட்டு, என்னை உரசிக்கொண்டு போவார்கள். நாலைந்து நாள் பார்த்துவிட்டுப் போலீஸ்காரர் கூப்பிட்டார். கையை எப்படி நீட்டுவது என்று மறுபடியும் நீட்டிக் காட்டிவிட்டுச் சொன்னார்: “ஹாத் தாக்கவ், நமஸ்கார் நகோ.” கையைக் காட்டு, கும்பிடு வேண்டாம் என்று அர்த்தம்.

ஆறாவது பலகை

நான் நாலாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஸ்டாப் பலகைக்கு நான் வைத்திருந்த அடையாளம், தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம். ஒரு நாள் ரோட்டோரத்தில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. திருப்பமும் இல்லை, சந்தும் இல்லை. இருந்தாலும் சர்க்கார் காரணமில்லாமல் வைக்காது என்று அதிலும் காலை ஊன்றி மூன்று எண்ணினேன். இப்படி ஒன்பது நாள். கணக்கில் சந்தேகமில்லை, தினமும் அந்த இடத்தில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள்.

பத்தாம் நாள் சுடலைமுத்து அதிசயமாகச் சைக்கிளை நிறுத்தினான். பலகையில் முக்கோணத்துக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்த அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகளைக் காட்டினான். அது குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம். என் வீட்டு நிலவரம் அவனுக்கு நன்றாகத் தெரியும். முகத்தை ரொம்ப அக்கறையாக வைத்துக்கொண்டு சொன்னான்: “அண்ணாச்சி, நாலு பிள்ளை பெத்த பொறவு இங்க நின்னு என்ன பிரயோசனம்?”

நிற்காத நாள்

ஒரு மாதத்தில் நான் மூன்று முறை சங்குக்குப் பிந்திவிட்டேன். வாசலை ஒட்டிய என் இடம் நல்ல இடம். இன்னொரு தடவை பிந்தினால் அதைச் சுடலைக்குக் கொடுத்துவிடுவதாகக் காவலாளி சொல்லிவிட்டார். மறுநாள் பார்த்துப் பின் சக்கரத்தில் காற்று இறங்கியது. அடித்துக்கொண்டு கிளம்பும்போதே நேரம் போய்விட்டது. நாலு பலகையில் நின்றேன், பழக்கதோஷம். ஐந்தாவது, தொழிற்சாலைக்குப் பக்கத்து நாற்சந்தி. அங்கே நாலு பக்கமும் பலகை உண்டு. நிற்பவன் நான் ஒருவன்தான். தூரத்தில் வாசலில் கூட்டம் தெரிந்தது. இன்றைக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு, எண்ணாமல் மிதித்தேன்.

வலது பக்கமிருந்து வந்த லாரி, என் முன் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது. நான் விழுந்தேன். பாத்திரம் திறந்து இட்லிகள் ரோட்டில் உருண்டன, நாற்பத்து மூன்று. எண்ணிக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதியது.

டிரைவர் விக்ரோலித் தமிழர், அந்த ரோட்டில் தினமும் போகிறவர். இறங்கி வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். ஸ்டாப் பலகையில் நிற்காமல் வரலாமா என்று, எனக்கே உரிமை இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுவைத்தேன். அவர் கோபப்படவில்லை. வருத்தமாகச் சொன்னார்: “நீங்க நிப்பீங்கன்னு நம்பித்தானே அண்ணாச்சி நான் நிக்காம வந்தேன்.”

வாசல் இடம் அன்றைக்கே சுடலைக்குப் போய்விட, மறுநாளிலிருந்து நான் அந்த ஐந்தாவது பலகைக்கு இருபதடி தள்ளிக் கடை விரித்தேன். பலகையைப் பார்த்து ஒரு நாளும் நிற்காத லாரிகள், இட்லிப் பாத்திரத்தைப் பார்த்து வரிசையாக நின்றன.