வலிக்காத விரல்

குளிர்கிடங்கில் எல்லோருக்கும் அவள் லேபிள் அக்கா. மீன் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது அவளுடைய பதினோரு வருட வேலை. கையுறை போட்டால் லேபிளின் பின்தாள் உரியாது. அதனால் அவள் இடது கை எப்போதும் வெறுங்கைதான். முதலில் எரியும், பிறகு குத்தும், பிறகு அடங்கிவிடும். அடங்கியதும், "கை பழகிடுச்சு" என்பார்கள் அங்கே.

அன்று காலை லோடு அதிகம். வேலை முடிந்து வெளியே வந்தபோது மூன்று விரல்களில் வலியே இல்லை. சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தாள், பேதை!

வாசலில் ஓடிவந்து கையைப் பிடித்த மகள், சட்டென்று உதறினாள்.

"அம்மா, இது யாரோட விரல்?"

தையல் மெஷினிலிருந்து கணவன் திரும்பினான். "உங்கம்மா விரல்தான். வாடகைக்கா எடுத்துட்டு வருவா?"

கிட்டே வந்து பார்த்ததும் அவன் சிரிப்பு செத்தது. மூன்றும் மெழுகாய் வெளுத்திருந்தன. நகத்தால் தட்டினான். டொக். மரத்தைத் தட்டிய சத்தம். அவளோ வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் இழுத்தான்.

"வா, அடுப்புல காட்டலாம்."

"வேணாங்க! வெந்தாக்கூட எனக்குத் தெரியாது." சொன்ன பிறகுதான் அதன் பயங்கரம் அவளுக்கு உறைத்தது. "டாக்டர்கிட்ட போலாம்."

டாக்டர் அவள் கையை வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தினார்.

"தேய்ச்சீங்களா?"

"இல்ல டாக்டர்."

"நல்லவேளை. வெளிய வந்த பிறகும் மரத்துப்போய் இருந்தா, வெளுத்துக் கெட்டியானா, கொப்புளம் வந்தா, உடனே ஓடி வரணும். நீங்க வலி போச்சுன்னு சந்தோஷப்பட்டீங்களாக்கும்?"



கால் மணி நேரம் கழித்துச் சுண்டுவிரலில் தீப்பிடித்தது. அடுத்து நடுவிரல். அவள் அலறினாள். கணவன் பதறி எழுந்தான்.

"கத்தட்டும் விடுங்க. உயிர் திரும்புது," என்றார் டாக்டர்.

மோதிர விரல் மட்டும் தண்ணீருக்குள் பிணமாய்க் கிடந்தது. கண்ணீர் வழிய அவள் அதனிடமே குனிந்து கெஞ்சினாள். "வலிச்சிடும்மா... ஒரே ஒரு தடவை வலிச்சிடு..."

அது வாய் திறக்கவேயில்லை. சில வாரங்களில் விரல் முழுதும் கறுத்துச் சுருங்கியது. வெட்டி எடுத்தார்கள்.

இப்போது அவளுக்குத் தினமும் வலிக்கிறது. தொட்டுப் பார்த்தால் வலிக்கிற இடத்தில் விரலே இல்லை.