மிச்சம் மாஸ்டரும் மீதி மாத்திரைகளும்

கடைத்தெரு முக்கில், மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் மிஷினையும் ஒரு வெட்டுமேசையையும் போட்டுப் பிழைப்பு நடத்தியவர் அவர். பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மிச்சம் மாஸ்டர் என்றால் உடனே கைகாட்டுவார்கள். தைத்து முடித்தபின் விழுகிற துண்டுத்துணியை அவர் குப்பையில் போட்டதே இல்லை. காலருக்குள் வைக்க, பாக்கெட்டுக்கு உள்பக்கம் கொடுக்க என்று எதற்காவது ஆகும் என்பார். நூல்கண்டில் கடைசியாக நிற்கிற நூலில்கூட ஒரு பொத்தானைத் தைத்துவிடுவார். கடவுள் கொடுத்த எதையும் வீணாக்கக் கூடாது என்பது அவருடைய பக்தி.

அந்தப் பக்தி மருந்திலும் புகுந்துகொண்டதுதான் வினையாகிப் போனது.

வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், போக்கு நின்ற மறுநாளே மாஸ்டர் மீதி அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்திவிடுவார்.

"சரியாப் போச்சுல்ல? அப்புறம் எதுக்கு அதை வயித்துல கொட்டணும்? அடுத்த தடவைக்கு ஆகும்."

அடுத்த தடவையும் வரும். மனைவியின் மீதி அவருக்கு, அவருடைய மீதி மகளுக்கு. எதிர்க்கடை இஸ்திரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் அவருக்கும் கிள்ளிக் கொடுப்பார்.

"டாக்டர்கிட்ட போனா அரை நாள் போயிடும். மாஸ்டர்கிட்ட வந்தா அரை மாத்திரையோட போயிடும்" என்று இஸ்திரிக்காரர் கேலி பேசுவார்.

ஒரு மழைக்காலத்தில் மனைவிக்கு வந்தது மட்டும் அப்படிப் போகவில்லை. கூடவே காய்ச்சலும் கொதித்தது. மாஸ்டர் கையிலிருந்த மீதியைக் கொடுத்தார், நிற்கவில்லை. வேறொரு அட்டையின் மீதியைக் கொடுத்தார். ரத்தம் கலந்து போக ஆரம்பித்தது. உப்புச் சர்க்கரைத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. கட்டிக்கொடுத்த மகள் எட்டிப் பார்க்க வந்தவள், தாயின் குழிவிழுந்த கண்ணைப் பார்த்துப் பதறி, வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அங்கே போட்ட முதல் ஊசிக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. வயிற்றாலும் மறுபடி மறுபடி போய்க்கொண்டே இருந்தது. பிறகு பரிசோதனை முடிவு வந்ததும், டாக்டரம்மா மாஸ்டரை உட்காரவைத்து, வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். மாஸ்டர் ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஐயா, அவங்க வயித்துல இருந்த கிருமியை ஒரு தட்டுல வளர்த்தோம். பொத்தான் மாதிரி சின்னச் சின்னத் தாள்ல ஒவ்வொரு மருந்தா ஏத்தி, அது மேல வச்சோம். மருந்து வேலை செஞ்சா, தாளைச் சுத்திக் கிருமி இல்லாம ஒரு வட்டம் விழும். நீங்க கொடுத்த மாத்திரைக்கு வட்டமே விழல. நாங்க போட்ட ஊசிக்கும் விழல."

"என்னாலதானா டாக்டரம்மா?"

"இது எங்க இருந்து வந்ததுன்னு சத்தியமா என்னால சொல்ல முடியாது. தண்ணியில வந்திருக்கலாம், வேற யார் வயித்துல இருந்தாவது வந்திருக்கலாம். ஆனா கோடிக்கணக்கான கிருமியில ஒண்ணு ரெண்டு கொஞ்சம் மாறிப் பிறக்கும். மருந்து அதை லேசுல கொல்லாது. மத்ததெல்லாம் செத்து இடம் காலியானதும் அது பெருகிடும். அரைகுறையா மருந்து போச்சுன்னா அதுக்குக் கொண்டாட்டம். அதோட நிக்காது, தப்பிக்கிற வித்தையைப் பக்கத்துல இருக்கிற வேற கிருமிக்கும் கொடுத்துடும். நம்ம வயித்துல சாதுவா இருக்கிற நல்ல கிருமிகூட அதை வாங்கி வச்சுக்கும்."

மாஸ்டர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இத்தனை நாள் நான் மிச்சம் பிடிச்சது மாத்திரையை இல்ல. கிருமியை."

டாக்டரம்மா அவர் தோளைத் தொட்டார். "ஊரே இப்படித்தான் பண்ணுது ஐயா. இப்போ ஒரே ஒரு மருந்துக்கு வட்டம் விழுந்திருக்கு. அதை ஆரம்பிக்கிறோம். அவங்க உடம்பு தாங்கணும்."

மருந்து பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. மாஸ்டர் கட்டிலை விட்டு அசையவில்லை. மனைவியைத் துடைத்துவிட்டார், துணி மாற்றினார், நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவினார். ஆண்டவனிடம் அவர் பேரம் பேசவில்லை. அவர் தைத்த துணிக்கெல்லாம் கையால் ஓரம் அடித்து அடித்து ஊசி குத்திக் காய்த்துப் போன அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, இவளை விட்டுவிடு என்று மட்டும் கேட்டார். அவர் கண் அயர்ந்தபோதும் அவள் கை அவர் பிடியிலேயே இருந்தது. அது கொதிப்பு அடங்கி ஈரமாக வேர்த்ததில்தான் அவருக்கு விழிப்பு வந்தது.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இப்படி இளைச்சிட்டீங்க? வயித்தால போனது எனக்கா, உங்களுக்கா?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. மகள் முந்தானையால் அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

எழுந்து உட்காரும் தெம்பு வந்ததுமே மனைவி நச்சரிக்கத் தொடங்கினாள். "நல்லாத்தானே இருக்கேன், வீட்டுக்குப் போகலாங்க. கை எல்லாம் குத்திக் குத்தி வீங்கிப் போச்சு. போட்டவரைக்கும் போதும்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்களேன்."

"டாக்டரம்மா சொன்ன நாள் முடியணும்."

"சரியாப் போச்சுன்னா நிறுத்திடணும்னு சொல்றவரு நீங்கதானே?"

"நான்தான். தெரியாமச் சொன்னேன். நீ இல்லாத வீட்டுல நான் எதை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?"

நர்ஸ் அடுத்த பாட்டிலோடு வந்தபோது அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். நரம்பு கிடைக்கும்வரை அந்தக் கை அசையாமல் மாஸ்டர் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.