மூக்கனின் நிறம்

என் மாமனார் வேலை பார்த்த காலமெல்லாம் ரயில் ஓட்டினார். ஆனால் எந்த ஊருக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. சரக்கு யார்டில் பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் கோத்துக் கொடுக்கும் குட்டி டீசல் இன்ஜின்தான் அவருடையது. காலையில் யார்டின் இந்தக் கோடி, சாயங்காலம் அந்தக் கோடி. முன்பக்கம் நீளமாகத் துருத்திக்கொண்டிருந்ததால் அந்த இன்ஜினுக்கு மூக்கன் என்று பெயர். ஓட்டியவருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் மாமாவுக்குச் சப்பை மூக்கு.

பெரிய வண்டி ஓட்ட வா என்று ஆபீசில் எத்தனையோ முறை கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் மாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டால் இதுவே போதும் என்பார். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் எக்ஸ்பிரஸ் ஓட்டிக்கொண்டு, கையில் பெட்டியோடு தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். அத்தை உயிரோடு இருந்தவரை இதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. ஒரு பயந்தாங்கொள்ளிக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று, மருமகளாக வந்த புதிதில் என்னிடமே புலம்பியிருக்கிறார். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பார். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குத்தான் எரிச்சலாக இருக்கும்.

என் வீட்டுக்காரரைப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கதைதான் துரத்தியது. கூடப் படித்தவன் ஒருவனின் அப்பா எக்ஸ்பிரஸ் ஓட்டுபவர். உங்கப்பா எந்த ஊர் வரைக்கும் ஓட்டுவார் என்று அவன் தினமும் கேட்பானாம். அந்த வெட்கத்தில், இன்ஜினைப் பார்க்க வருகிறாயா என்று அப்பா கூப்பிட்டபோதெல்லாம் இவர் வயிற்றுவலி, தலைவலி என்று தப்பித்திருக்கிறார். யார்டைச் சுற்றி உயரமான மதில். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. பின்னாளில் இவருக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று மனசு வந்தது. அதற்குள் யார்டை மூடிவிட்டார்கள். மூக்கனை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. அந்த ரக இன்ஜின் எங்கேயும் ஒன்றுகூட மிச்சமில்லை. வீட்டில் இருப்பதெல்லாம் ஒரே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. அதில் மாமா இன்ஜின் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கிறார்.

அந்த போட்டோவிலிருந்துதான் இவருடைய பைத்தியம் ஆரம்பித்தது.

இவருக்குத் தொழில் பல் செட் செய்வது. பல் டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், இவர் பட்டறையில் உட்கார்ந்து பல்லை உருவாக்குவார். மற்ற பற்களோடு நிறம் ஒத்துப்போக வேண்டும் என்பதால், ஜன்னல் வெளிச்சத்தில் மாதிரிப் பற்களை வைத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார். நமக்கு வெள்ளை என்றால் ஒரே வெள்ளைதான். இவருக்கு அதில் ஒரு குடும்பமே இருக்கிறது. என் புடவைக்கு மேட்ச்சாக ஜாக்கெட் துணி எடுக்க இவரை அனுப்பினால் கடைக்காரருக்குக் கண்ணீர் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் ஆள் வீட்டில் இருக்க மாட்டார். மருந்துக்கடை மாடியில் ஓர் அறை. அதில் மேஜைகளை ஒட்டிப் போட்டு, அதன் மேல் கைவிரல் அகலத்துக்குத் தண்டவாளம், ஸ்டேஷன், பாலம், பஞ்சில் செய்த மரங்கள் என்று ஒரு குட்டி உலகத்தையே கட்டி வைத்திருக்கிறார்கள். நரைத்த தலைகள் சுற்றி நின்று பொம்மை ரயில் ஓட்டும். பொம்மை என்று சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். மாடல் என்று சொல்ல வேண்டும்.

அந்த மாடல்களைச் செய்யும் கம்பெனி ஒன்று, அடுத்து எந்த இன்ஜினைச் செய்யலாம் என்று வருஷா வருஷம் இந்த மாதிரிச் சங்கங்களிடம் கேட்கும். அப்போது பார்க்க வேண்டும் இவர்கள் சண்டையை. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு எந்த இன்ஜின் வேண்டுமோ, அதே நீள அகலத்தில் ஒரு மரக்கட்டையை அறுத்துக்கொண்டு வந்து தண்டவாளத்தின் மேல் வைக்க வேண்டும். கம்பெனி நிஜ மாடலைச் செய்து தரும்வரை அந்தக் கட்டைதான் இன்ஜின். மேஜை மேலிருக்கும் குட்டி ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் நிஜ இன்ஜின்களைவிடக் கட்டைகள்தான் அதிகம். ஆசைக் கட்டை என்று அவற்றுக்குப் பெயர். மருந்துக்கடைக்காரர்தான் சங்கத் தலைவர். அவருடைய கட்டை நீண்டது, பழைய ராஜா காலத்து எக்ஸ்பிரஸ் இன்ஜினுக்காக. இவருடையது எல்லாவற்றிலும் சின்னது. தீப்பெட்டிக்குச் சக்கரம் கட்டப் போறீங்களா என்று தலைவர் கேலி செய்வாராம். இவர் விடவில்லை. வருஷம் தவறாமல் மூக்கனுக்கே ஓட்டுப் போட்டார். மற்ற ஊர்ச் சங்கங்களுக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்சினார். மாமாவுக்குக் கண் மங்குவதற்குள் அதை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும், சின்ன வயசில் பார்க்க வராததற்கு அதுதான் பதில் என்று என்னிடம் மட்டும் சொன்னார். அதற்கப்புறம் நான் பொம்மை என்று சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

ஒரு வருஷம் மூக்கன் ஜெயித்தே விட்டான். சின்ன வீடுகளில் சின்ன மேஜை, இறுக்கமான வளைவு. அதில் திரும்பக் குட்டி இன்ஜின்தான் வேண்டும் என்று எங்கிருந்தெல்லாமோ ஓட்டு விழுந்திருந்தது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனிக்காரர்கள் அளவுகளைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். நிறம்தான் அகப்படவில்லை, கிடைத்த படமெல்லாம் கறுப்பு வெள்ளை. உங்கள் சங்கத்தில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்கள். இவர் அன்று சாப்பிடும்போது மாமாவிடம் கேட்டார். மாமா யோசிக்கவே இல்லை. பச்சை என்றார். ஓட்டினவரே சொல்லிவிட்டார், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று இவர் அப்படியே சொல்லி அனுப்பினார்.

பச்சை மூக்கன் வந்து சேர்ந்தான். மாமா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடிகூட அப்படியே இருக்கிறது என்றார். அன்று இவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. யார்டிலிருந்து கழித்துப் போட்டபோது மூக்கனின் கதவை ஒருவர் வாங்கித் தன் கோழிக்கூண்டுக்கு மாட்டியிருக்கிறார். அது தலைவர் கண்ணில் பட்டுவிட்டது. கதவு செங்காவி. மேலே அடித்த பெயின்டாக இருக்கும் என்று இவர் வாதாடினார். தலைவர் கத்தியால் சுரண்டிப் பார்த்தார். இரும்பு வரைக்கும் செங்காவிதான். சங்கங்களின் போன் குழுக்களில் இவரை வறுத்தெடுத்தார்கள். நிறம் சொல்லியே பிழைக்கிறவருக்கு நிறம் தெரியவில்லையாம். கம்பெனி இரண்டாம் தடவை செய்யப்போகிறது, யாரைக் கேட்டுப் பச்சை என்று சொன்னீர்கள், வரும் ஞாயிறு வந்து பதில் சொல்லுங்கள் என்று தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இவர் கதவுப் படத்தைப் போனில் வாங்கிக்கொண்டு வந்து மாமாவிடம் நீட்டினார். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டதோ என்ற கவலை இவருக்கு.

"அப்பா, மூக்கனோட கதவு கிடைச்சிருக்கு. பாருங்க."

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது. "அதேதான்டா. அதே பச்சை."

படத்தில் இருந்தது செங்காவி, குழந்தைகூடச் சொல்லும். இவர் மேஜையிலிருந்த பச்சை மூக்கனை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நிறமா என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றுதான், ஏன் கேட்கிறாய் என்றார் மாமா. சொல்லிவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். பார்த்தவர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

அதற்கப்புறம் மாமா பேசியது கொஞ்சம்தான். வேலையில் சேரும்போது கண் சோதனையில் கலர் விளக்குகளைக் காட்டினார்களாம். முன்னால் நின்றவன் சத்தமாகச் சொன்னதைக் கேட்டு மாமாவும் அதே வரிசையில் சொல்லிவிட்டார். எல்லோருமே ஏறக்குறைய ஊகித்துத்தான் நிறம் சொல்கிறார்கள் என்று அப்போது அவர் நினைத்திருந்தார். சேர்ந்த பிறகு ஒரு நாள் ஒருவர் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி இரண்டையும் உலர்த்தப் போட்டிருந்தார். அதில் ஒன்றை எடுத்துவரச் சொன்னபோதுதான், மற்றவர்களுக்குத் தெரிகிற ஏதோ ஒன்று தனக்குத் தெரியவில்லை என்று புரிந்தது. யார்டில் பகல் ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே ஆள் நின்று கையைக் காட்டித்தான் இன்ஜினை நகர்த்துவார்கள், நிறத்துக்கு வேலையில்லை. பெரிய இன்ஜின்களை எல்லோரும் பச்சை என்பார்கள். தன்னுடையதும் தன் கண்ணுக்கு அதே மாதிரி இருந்ததால், அதுவும் பச்சை என்றே நினைத்துவிட்டார்.

எனக்குப் பல விஷயங்கள் ஒவ்வொன்றாகப் புரிந்தன. மாமா வாங்கி வரும் தக்காளி ஏன் பாதி காயாகவே இருக்கும், சட்டை எடுக்கப் போனால் ஏன் கடைக்காரரையே எடுத்துத் தரச் சொல்வார் என்று. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து நாங்கள் பார்த்த லட்சணம் அவ்வளவுதான்.

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா," என்றார் இவர்.

"சொன்னா வெளியே போயிடும். அப்புறம் யார்ட் வேலையும் போயிடும். உங்களுக்குச் சோறு எங்கேருந்து வரும்?" என்று மாமா சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா சொல்லியிருக்கலாம். அவ என்னைப் பத்தி அப்படியே நினைச்சுக்கிட்டுப் போயிட்டா," என்றார். எனக்கு அடக்க முடியவில்லை, அடுப்பங்கரைக்குப் போய் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை இவர் ஒரு முடிவோடு சட்டை மாட்டினார். நிறத்தைத் தப்பாகச் சொல்லி அனுப்பியது நான்தான் என்று சொல்லிப் பழியை ஏற்றுக்கொள்ளப் போகிறாராம். பட்டறையில் பேர் கெடுமே என்றேன். கெட்டால் கெடட்டும், இந்த வயசில் அப்பாவை நாலு பேர் முன்னால் நிறுத்த மாட்டேன் என்றார். மாமா காதில் இது விழுந்துவிட்டது. என் தப்புக்கு நீ ஏன் பேச்சு வாங்க வேண்டும் என்று செருப்பைத் தேட ஆரம்பித்தார். மாடிப்படி ஏற ஒரு கை வேண்டும் என்பதால் நானும் கிளம்பினேன்.

அந்த அறையில் மாமா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கூட்டிக் குறைக்கவில்லை. தலைவர்தான் முதலில் வாய் திறந்தார். கேலியாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"முதல் சோதனையையே தாண்டிட்டீங்க. பெரிய வண்டிக்கு வைக்கிற சோதனையையும் அதே மாதிரி தாண்டியிருக்கலாமே? யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"டாக்டர் காட்டற விளக்கை மனப்பாடம் பண்ணிடலாம் சார்," என்றார் மாமா. "வழியில நிக்கற சிக்னலை எப்படி மனப்பாடம் பண்றது? பின்னாடி அத்தனை பேர் தூங்கிட்டு வருவாங்களே."

தலைவர் எழுந்து தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மாமாவுக்குப் போட்டார். கம்பெனிக்குச் செங்காவி என்று மட்டும் சொல்வோம், யார் சொன்னது எவர் சொன்னது என்ற பேச்சே வேண்டாம் என்றார். மாமா ஒப்பவில்லை. ஓட்டினவன்தான் தப்பாகச் சொன்னான் என்று அப்படியே சொல்லுங்கள், என் பையன் பேரில் ஒரு சொல்லும் வரக்கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது மூவரும் மெதுவாக நடந்தோம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதும் மறுபடி நடப்பதுமாக வந்தோம். தெருத் திருப்பத்தில் மாமா நின்றார்.

"ஏன்டா, அது நிஜமா என்ன மாதிரி நிறம்? வேலையில இருந்த காலமெல்லாம் அதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சொல்லேன்."

வெள்ளையிலேயே ஆயிரம் சொல்லத் தெரிந்த என் வீட்டுக்காரருக்கு வாய் வரவில்லை. செங்காவி என்றால் மாமாவுக்கு என்ன விளங்கும், சிவப்பு என்றால்தான் என்ன விளங்கும். ஏதேதோ ஆரம்பித்து விட்டுவிட்டார். கடைசியில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மழையில நனைஞ்ச செங்கல்லைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களாப்பா? குளுகுளுன்னு, ஒரு மண் வாசனையோட இருக்குமே. அந்த நிறம்."

மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு தலையை ஆட்டினார்.

"அப்ப அழகாத்தான் இருந்திருக்கும்," என்றார்.