ஆறேகால் பஸ்ஸும் பசுமைப் பயணத் திட்டமும்

டண்டினொங் புறநகரில் ஒரு வேர்ஹவுஸில் பதினெட்டு ஆண்டுகள் சம்பளப் பிரிவைப் பார்த்தேன். ஒருநாள் பொதி கட்டும் பகுதியில் வேலை செய்த வசந்தி என் மேசைக்கு வந்தார். கையில், தாமதமாக வந்ததற்கான இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

"அண்ணை, ஷிப்ட் ஆறு மணிக்கு. ஸ்டேஷனிலயிருந்து முதல் பஸ் இங்க வர ஆறேகால். நான் பறந்தே வாறது? ஆறரைக்குத் தொடங்கட்டோ எண்டு கேட்டுப் பாருங்கோ."

கேட்டேன். முதலாளி குமார் கோயம்புத்தூர்க்காரர். சின்னதாக யோசிக்கத் தெரியாதவர்.

"நேரத்தை மாத்துறதெல்லாம் ஒரு தீர்வா சார்? பசுமைப் பயணத் திட்டம்னு ஒண்ணு கொண்டு வருவோம். எல்லாருக்கும் ரயில் பாஸ். வரிச்சலுகை இருக்கும்ல?"

இல்லை. சம்பளத்துக்கு மேல் கொடுக்கும் சலுகைகளுக்கு முதலாளி கட்டுவது எஃப்.பி.டி. வரி. ரயில் பாஸுக்கு அது உண்டு. மின்சாரக் காருக்கு விலக்கு. ரயிலும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது என்பதைச் சட்டம் எழுதியவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

திட்டத்தின் முதல் பயனாளியாகக் குமாரே ஒரு மின்சாரக் கார் எடுத்தார். வாசலில் சைக்கிள் நிறுத்தும் கம்பியும் வந்தது. அதில் அவருடைய சார்ஜர் வயரைச் சுற்றி வைத்தார்.

வசந்தியின் மூன்றாவது கடிதத்தைத் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டத்தைப் புரட்டினேன். வேலையிடத்தில் வந்து முடியும் ஒற்றை டாக்ஸிப் பயணத்துக்கு வரி கிடையாது. ஆக, பசுமைத் திட்டத்தின்கீழ் வசந்தி தினமும் கம்பெனி செலவில் தன்னந்தனியாக டாக்ஸியில் வந்து இறங்கினார். படிவங்களை நானே பெருமையோடு நிரப்பினேன். எட்டாவது வாரம் டாக்ஸியே பிந்தியது.

"அண்ணை, நான் முதல் நாள் கேட்டது அரை மணித்தியாலம். நீங்கள் கார் பிடிச்சுத் தந்தனீங்கள்."

மறுபடி குமாரிடம் போனேன். கடிதம் இனியும் ஓரத்தில் கிடக்காது என்பது எனக்குத் தெரியும்.

"ஆறரைக்கு மாத்தினா எந்த செக்‌ஷன்ல சலுகை சார்?"

"எதிலும் இல்லை. வேலைநேர ரோஸ்டரில் ஒரு வரி மாற்றினால் போதும்."

"ஃபார்ம்?"

"அதுவும் இல்லை."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் காபியை முடிப்பதற்குள் நான் ரோஸ்டரைத் திருத்திவிட்டேன். வசந்தி இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறார். அதே பஸ்ஸில்தான் வருகிறார்.

சட்டப் புத்தகம் முழுவதும் எனக்குத் தெரியும். பஸ் அட்டவணையை நான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.