அக்கா துடைத்த இரும்பு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த ‘ற’ போடுவது என்பது இன்றைக்கும் குழப்பம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அங்கங்கே மை கலைந்திருப்பதற்குப் படிப்பு காரணமல்ல. என் உள்ளங்கை வேர்க்கும். மார்கழியிலும் வேர்க்கும், நாலு பேர் பார்த்தால் சொட்டும். மணிக்கட்டுக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எனக்கு எதிரே மேசைமேல் ஓர் இரும்புத் தகடு கிடக்கிறது. அஞ்சலட்டையில் பாதி இருக்கும். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றோ அறுபத்திரண்டோ, கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். நூல் மில்களில் நூலை முறுக்கிச் சுற்றுகிற இரும்புக் கதிர்கள் அங்கே தயாராகும். சுற்றும்போது கதிர் மயிரிழை தள்ளாடினாலும் நூல் அறுந்துவிடும். அதனால் கடைசிச் சாணை மிகவும் முக்கியம். அது என் வேலை. கதிரைக் கண்ணாடி போல ஆக்கி, அளவு பார்த்து, மரத்தட்டில் அடுக்குவேன். அடுத்த மேசையில் இருந்த அக்கா அதை மண்ணெண்ணெயில் துடைத்து, எண்ணெயில் தோய்த்து, மெழுகுத்தாளில் சுற்றிப் பெட்டியில் வைப்பார். அக்கா என்றாலும் உறவு ஒன்றுமில்லை. கணவர் இறந்த பிறகு, ஒரே மகளைப் படிக்க வைப்பதற்காக வேலைக்கு வந்தவர். “ஆறாவது போறா தம்பி. பத்து முடிச்சுப்போட்டான்னா அப்பறம் எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். நான் தலையை ஆட்டுவேன். நான் வாயைத் திறப்பதற்கே லீவு லெட்டர் கொடுக்க வேண்டும் என்று பட்டறையில் என்னைக் கிண்டல் செய்வார்கள்.

என் கையைப் பற்றி யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். பஞ்சு வேஸ்ட்டை எப்போதும் உள்ளங்கையில் வைத்திருப்பேன். ஆனால் அளவு பார்க்கும்போது கதிரை வெறும் விரலால் பிடித்தாக வேண்டும். சனிக்கிழமை தட்டில் வைத்துவிட்டுப் போன கதிர்களைத் திங்கள்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன். துரு எடுத்தவுடன் சிவப்பாக வருவதில்லை. பாலில் ஆடை படிவது போல, முதலில் ஒரு மெல்லிய பூச்சு. சாய்த்துப் பிடித்தால் மட்டும் வைக்கோல் நிறத்தில் தெரியும். பிறகு தேன் நிறம். அதற்குப் பிறகுதான் விரல் ரேகை ஒவ்வொன்றாக எழும்பும். நூலைப் பிடித்துக்கொண்டு கற்கண்டு வளர்வது போல, ரேகைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மணி மணியாக வளரும். எண்ணெய்க்கு அடியிலும் வளரும். அழகாகத்தான் இருக்கும். யாரும் வருவதற்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுவேன்.

அந்த வருடம் ஆவணியில் ஒரு மில்லிலிருந்து எட்டுப் பெட்டிகள் திரும்பி வந்தன. மெழுகுத்தாளைப் பிரித்தால் கதிருக்குக் கதிர் சிவப்பு விரல்கள். முதலாளி ஒரு கதிரை எடுத்து போர்மேனின் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டுப் போய்விட்டார். போர்மேன் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

“தாலியறுத்த கைய்யி. அத புது இரும்புல வெச்சா வெளங்குமா?”

அக்கா அழவில்லை. “என்ற கை நாள் பூரா எண்ணெயிலயே ஊறிக் கெடக்குதுங்க. அதுல எப்பிடிங்க துருப் புடிக்கும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை. நானும் குனிந்து சாணைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது புதிதாக ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். படித்தவர், நல்லவர், கோபப்படத் தெரியாதவர். அவர்தான் குறுக்கே வந்தார். “இரும்புக்குத் தாலி தெரியாதுங்க போர்மேன். அதுக்கு உப்புத்தான் தெரியும்” என்றார். சிலருடைய வேர்வையில் உப்பும் புளிப்பும் அதிகம், அவர்கள் தொட்ட இடம் துருப் பிடிக்கும், சோதித்துப் பார்த்தால் யார் என்று தெரிந்துவிடும் என்று விளக்கினார். மெருகேற்றிய ஒரு தகட்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். கதிரைத் தொடுகிற ஆறு பேரும் கை கழுவித் துடைத்துவிட்டு ஆளுக்கொரு கட்டத்தில் பெருவிரலை அழுத்த வேண்டும். ஈரத் துணி போட்ட பெட்டிக்குள் தகட்டை வைத்து மறுநாள் காலையில் பார்ப்பது என்று ஏற்பாடு.

எனக்கு அந்த நிமிடமே கை நனைந்துவிட்டது. குறி போடுவதற்காகச் சட்டைப் பையில் சாக்கட்டி வைத்திருப்பேன். கை கழுவிய பிறகு பைக்குள் கையை விட்டு, பெருவிரலைச் சாக்கட்டியில் தேய்த்துக்கொண்டே வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் அக்கா. எண்ணெய்க் கையோடு வைத்து ஏமாற்றுவாள் என்று சொல்லி, போர்மேன் அவரை மட்டும் சலவைச் சோடா போட்டு மூன்று தடவை கழுவச் சொன்னார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். குழாயடியில் தேய்க்கத் தேய்க்க அக்காவின் கை வெளுத்துப்போனது. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. சத்தம் இல்லை. வலது பெருவிரலால் இரண்டு கண்ணையும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். அந்த விரல் காய்வதற்குள் “வாங்கம்மா” என்று இன்ஜினியர் கூப்பிட்டார். அதே விரலைத் தகட்டில் வைத்தார்.

கண்ணீரும் உப்புத்தான். அது இன்ஜினியருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாயைக்கூடத் திறந்தேன். “என்னப்பா?” என்றார் இன்ஜினியர். “ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டு, சாக்கட்டி பூசிய விரலை என் கட்டத்தில் வைத்தேன்.

காலையில் தகட்டில் ஒரே ஒரு விரல் பூத்திருந்தது. இன்ஜினியர் தன் லென்ஸில் எல்லோருக்கும் காட்டினார். என் கட்டம் சுத்தமாக இருந்தது. அன்று மாலையே அக்காவின் கணக்கை முடித்துவிட்டார்கள். விஞ்ஞானம் சொன்னதைத்தான் தான் முன்பே சொன்னதாகப் போர்மேன் ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வாசலில் அக்கா எனக்காக நின்றிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“உன்ற கை வேர்க்கறது எனக்கு மொத மாசமே தெரியும் கண்ணு. நீ வெக்கப்படுவீன்னு சொல்லுல. ரெண்டு வருசமா ஒவ்வொண்ணையும் ரெண்டு வாட்டி தொடச்சுத்தான் எண்ணெயில போட்டேன். ஆடியில பாப்பாளுக்கு அம்மை போட்டு பத்து நாளு நான் வருலயல்லோ, அப்பப் போன பொட்டிங்க தம்பி அது.”

அந்தப் பத்து நாளும் போர்மேன் இரண்டு ஆட்களைத் துடைக்கப் போட்டிருந்தார். அவர்கள் மண்ணெண்ணெயைத் தொடாமல், கதிரை நேரே எண்ணெயில் முக்கிக் கட்டினார்கள். அடுத்த மேசையிலிருந்து நான் பார்த்திருக்கிறேன்.

“நீ சொல்லிப்போடு கண்ணு. உன்னைய வேற மிசினுக்கு மாத்துவாங்க, அவ்வளவுதான். என்னைய மாத்தறதுக்கு அங்க வேற மேசை இல்ல.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் காலையில் அக்கா வாசலில் வந்து நின்றார். மத்தியானம் நான் சாப்பிட வெளியே போகவில்லை. அதற்கடுத்த நாளும் வந்து நின்றார். மூன்றாம் நாள், சங்கு ஊதிய பிறகு பின்பக்கச் சுவர் வழியாகப் போனேன். நாலாம் நாள் அவர் வரவில்லை.

இனிக் கதிரைத் தொட்டால் துரு மறுபடியும் வரும், துடைக்க அக்கா இல்லை என்பது எனக்குத் தெரியும். மூச்சு முட்டுகிறது, சாணைத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று இன்ஜினியரிடம் போய் நின்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் என்னை வார்ப்படப் பக்கம் மாற்றிவிட்டார். அக்கா சொன்னது போலவே, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை. அவர் போனார், துருவும் போனது என்று பட்டறை முழுக்கப் பேசினார்கள். என்னுடைய மாற்றம்தான் அவர் தலையில் குற்றத்தை நிரந்தரமாக எழுதியது.

அக்கா காரமடைப் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகவும், மகளைப் பள்ளியை விட்டு நிறுத்திவிட்டதாகவும் ஒரு வருடம் கழித்துக் கேள்விப்பட்டேன். காரமடைக்கு அரைமணிக்கு ஒரு பஸ் இருந்தது. நான் ஏறவில்லை. கூச்ச சுபாவம் என்று என்னைப் பற்றி என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். அதற்கு அந்தப் பெயர் இல்லை.

பழைய இரும்புத் தொட்டியிலிருந்து இந்தத் தகட்டை எடுத்து வந்தது நான்தான். அக்காவின் ரேகை போய்விடக் கூடாது என்று எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். ஆனால் எடுத்து எடுத்துப் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் கை வேர்க்கும். தொட்ட இடமெல்லாம் முதலில் வைக்கோல் நிறம், பிறகு தேன், பிறகு சிவப்பு. இப்போது தகடு முழுவதும் என் விரல்கள்தான். ஒன்றின்மேல் ஒன்றாக, கட்டம் கோடு எதுவும் தெரியாமல் வளர்ந்துவிட்டன. அக்காவின் பெருவிரல் எந்த இடத்தில் இருந்தது என்று இன்று காலையிலிருந்து தேடுகிறேன். தெரியவில்லை.

கார்த்திகை எட்டு, ஞாயிற்றுக்கிழமை.