மேல் வண்டல்

செவ்வந்திக்கு அந்தக் கோடையில் இருப்புக் கொள்ளவில்லை. உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்து அரசாங்கம் அவள் பேருக்குப் பட்டா போட்டுக் கொடுத்த ஒரு ஏக்கர், உப்புப் பூத்த களர். பண்ணையில் பார்த்துப் பார்த்துத்தான் கழித்துவிட்டிருந்தார்கள். இந்த வருஷமும் பயிர் வைக்காவிட்டால் பட்டா ரத்து என்று தாலுக்கா ஆபீசில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். களரை வயலாக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி ஏரி வண்டல். மேட்டூரில் தண்ணீர் திறந்து ஏரி நிறைந்துவிட்டால், அப்புறம் வண்டலுக்கு எங்கே போவது?

வண்டல் அவளுக்குப் புதிதில்லை. பூதலூர்ப் பக்கத்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் கோடையிலிருந்து மண் சுமந்தவள். ஏரி வற்றியதும் மேலாகக் கிடக்கிற கறுப்பு வண்டலை மட்டும் வழித்தெடுத்துப் பண்ணை வயலில் கொட்ட வேண்டும். அடிமண்ணில் சத்தில்லை என்று தொடவிட மாட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடும் சுமந்தாள், பிள்ளையைக் கரையில் தூளியில் போட்டுவிட்டும் சுமந்தாள். கூலி, அந்த வயலில் விளைந்த நெல்தான். தனக்கென்று ஒரு கூடை அள்ளியதில்லை, வயல் இருந்தால்தானே!

இப்போது வயல் வந்தது, கூடவே வம்பும் வந்தது. மெட்ராசிலிருந்து விஜயம் என்றொரு ஆராய்ச்சிக்கார அம்மாள் ஏரி மண்ணைச் சோதிக்க வந்திருந்தாள். எந்தெந்த நாட்டிலோ அணுகுண்டு வெடித்துப் பார்க்கிறார்கள். அதில் கிளம்பும் கதிர்வீச்சுள்ள அயோடின் காற்றோடு வந்து மழையில் இறங்குகிறது. ஏரியில் மக்கிய இலைதழையைப் பற்றிக்கொண்டு வண்டலோடு படிந்துவிடுகிறது. ஒரு ரகம் சில மாதங்களில் அற்றுப்போகும், இன்னொரு ரகம் யுகயுகமாய்க் கிடக்கும், அதைத்தான் தேடுகிறேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொன்னாள்.

பண்ணைக் காரியக்காரர் இராஜாங்கம் அதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். ஏரி மண்ணில் வானத்து விஷம் இறங்கியிருக்கிறது, யாரும் கூடையோடு இறங்கக் கூடாது என்று தண்டோரா போட்டுவிட்டார். பட்டா ரத்தானால் நிலத்தை மறுபடி பண்ணைக்குள் இழுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. செவ்வந்திக்குச் சோறு இறங்கவில்லை. புளுகு என்றால் அள்ளலாம், நிஜமென்றால்? பிள்ளைகள் வாயில் தானே விஷத்தை விளைத்துப் போடுவதா? வாய்க்கால், வரப்பு என்று நடந்துகொண்டே இருந்தாள்.

விஜயம் ஏரி நடுவில் குழாயை இறக்கி, மண்ணை அடுக்குக் கலையாமல் எடுத்துவந்த அன்று ஊரே கரையில் நின்றது. குடையும் கையுமாக இராஜாங்கம் இருந்தார். பண்ணை நெல்லுக்கு விலை பேச வந்த வியாபாரி அப்துல் வஹாப்பும் வேடிக்கை பார்க்க நின்றார். குழாயைப் பிரித்துப் பார்த்த விஜயத்தின் முகம் சுண்டிவிட்டது.

"மேல போன வருஷத்து வண்டல் மட்டுந்தான் இருக்கு. அதுக்குக் கீழ பழைய களிமண்ணு. நடுவுல இத்தனை வருஷத்துப் படிவு எங்க போச்சு?"

"நாங்கதாம்மா அள்ளினோம். வருஷா வருஷம்," என்றாள் செவ்வந்தி.

"அள்ளி எங்க கொட்டினீங்க?"

செவ்வந்தி கை நீட்டினாள். கரைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை பண்ணை வயல். நீட்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அந்த நெல்லைத்தானே கஞ்சி காய்ச்சிப் பிள்ளைகளுக்கு ஊற்றினோம்!

அப்துல் வஹாப் மெல்லத் திரும்பினார். "என்னங்க காரியக்காரரே, விஷம்னு தண்டோரா போட்டது இந்த மண்ணத்தானா?"

இராஜாங்கத்துக்கு வேர்த்துவிட்டது. "விஷமெல்லாம் ஒண்ணுமில்லீங்க பாய்! சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அம்மா, நீங்களே சொல்லுங்க, அளவு ரொம்பக் கம்மிதானே?"

"விஷம்னு நான் சொல்லவே இல்லையே," என்றாள் விஜயம். "மத்த ஏரிகள்ல பாத்த வரைக்கும் ரொம்பக் கொஞ்சம். ஆளுக்குக் கெடுதல் வர்ற அளவில்ல. ஆனா இந்த ஏரியைச் சோதிக்காம அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

செவ்வந்திக்குப் பாதி பயம் இறங்கியது. மீதி அங்கேயே நின்றது. ஆனால் சோதனை முடிகிற வரை தண்ணீர் காத்திருக்காது. ஏரிக்குள் இறங்கினாள். ஈரம் காயாத வண்டலைக் கூடை நிறைய வழித்து, இராஜாங்கத்தின் காலடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஐயா, தூக்கிவிட ஒரு கை குடுங்க."

அவள் தலைக்கு அவர் கூடை ஏற்றுவதாவது! ஆனால் தொடாவிட்டால் மண் விஷம் என்றாகிவிடும். வஹாப் பாய் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இராஜாங்கம் குடையை மடக்கிக் கீழே வைத்துக் குனிந்தார். கறுப்பு வண்டல் முழங்கை வரை வழிய, கூடையை அவள் தலையில் ஏற்றிவிட்டார்.

"போயிடாதீங்க, இன்னும் நெறைய இருக்கு," என்று சொல்லிவிட்டு, செவ்வந்தி தன் களரைப் பார்த்து நடந்தாள்.